அவளுக்குக் கிடைத்த மாத்திரை

எனக்கு வந்த வியாதியே என் ஓரகத்திக்கும் வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வியாதி வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு வந்தபோது "வயசாச்சுல்ல" என்று சொன்ன அதே சனம், அவளுக்கு வந்ததும் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வரிசையாக வந்தது. அவர்கள் எல்லாரும் என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. சுங்கைப் பட்டாணியில் ஒரே தாமான் குடியிருப்பில் ஒட்டினாற்போல இரண்டு வீடு, நடுவில் இடுப்புயரச் சுவர். நான் பாடாங் மேஹா தோட்டத்தில் பிறந்து, கையுறை செய்யும் தொழிற்சாலையில் காலமெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் கோலா கெத்தில் ஊர்ப்பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். காலையில் வாசலில் மேசை போட்டு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலும், பொட்டலம் கட்டி விற்கிறாள். சிரித்துச் சிரித்துப் பேசுவாள். சம்பலில் ருசி இருக்கிறதோ இல்லையோ, அந்தச் சிரிப்புக்கே பாதிப் பொட்டலம் போய்விடும் என்று நான் சொல்வதுண்டு. சம்பலும் ருசியாகத்தான் இருக்கும். அதுதான் தொல்லை.

வியாதி இதுதான். படுத்திருந்தால் ஒன்றுமில்லை, உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுமில்லை. எழுந்து நின்றால் பிரஷர் சரசரவென்று இறங்கிவிடும். கண் இருட்டி, காதுக்குள் இரைச்சல் கேட்டு, பிடிக்க எதுவும் கிடைக்காவிட்டால் விழ வேண்டியதுதான். நின்றே சம்பாதித்தவளுக்கு நிற்கத்தான் முடியாது என்று ஆகிவிட்டதை நினைத்தால் ஆத்திரமாக வரும். அவளுக்கு நீண்டநாள் இனிப்பு நீர் வியாதியால் வந்தது என்றார்கள். எனக்கு ஏன் வந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வெறும் வியாதியோடு போயிருந்தால் நான் இத்தனை வயிறெரிந்திருக்க மாட்டேன். நடுவில் ஒரு பால்குடம் இருந்தது.

தைப்பூசத்துக்கு எங்கள் குடும்பத்திலிருந்து ஒரே ஒரு பால்குடம் போகும். தோட்டத்தில் இருந்த காலத்திலேயே மாமனார் வீட்டில் நேர்ந்துகொண்டது. மூத்த மருமகள்தான் தூக்க வேண்டும், அதாவது நான். தூக்குகிறவள் பூசத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஒருவேளைச் சாப்பாடு, அதிலும் உப்புக் கிடையாது. மற்ற குடும்பங்களில் மரக்கறி சாப்பிட்டாலே விரதம் என்பார்கள். எங்கள் வீட்டில் உப்பை விட்டால்தான் விரதம். உப்பில்லாத சோறும் தயிரும் வாழைப்பழமும் தின்று அந்த மாதத்தை ஓட்டுவது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. அந்த ஒரு நாள், மஞ்சள் சேலையில் நான் முன்னால் நடக்க, குடும்பம் மொத்தமும் பின்னால் வரும். வருஷம் முழுக்க எனக்கு யார் வழிவிடுகிறார்கள்? அன்றைக்கு விடுவார்கள்.

போன வருஷம் அது கெட்டது. பூசாரி குடத்தைத் தலையில் வைப்பதற்காகக் கீழே உட்கார்ந்தேன். எழுந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். கண்ணைத் திறந்தபோது சேலையெல்லாம் பால், தலைக்கு மேலே விசிறுகிற கைகள். அந்த வருஷம் எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று என் ஓரகத்தியும் உப்பை விட்டிருந்தாள். நல்ல வேளை, விரதம் இருந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லி, மறுபடி பால் ஊற்றி, குடத்தை அவள் தலையில் வைத்துவிட்டார்கள். நான் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஈரச் சேலையோடு, அவள் நடந்து போவதைப் பார்த்தேன். நேராக நடந்தாள். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் அவள் படத்துக்குக் கீழே பூவும் கும்பிட்ட கையுமாக எல்லாரும் கொட்டியிருந்ததை நான் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் அவளுக்கும் தலைசுற்றல் வந்தது. அப்படியும் என் வீட்டுக்காரர், இந்த வருஷமும் தம்பி பெண்டாட்டியே தூக்கட்டும், அது கொஞ்சம் தெம்பாக இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. இந்த வருஷமும் அவளிடம் போனால் குடம் அவளுடையதாகிவிடும், அப்புறம் நான் கேட்டு வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். பூசத்துக்குள் நான் எழுந்து நின்றாக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். நிற்கும்போது பிரஷர் இறங்குகிறவர்களுக்குப் புதிதாக ஒரு மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள், நீங்கள் சேரலாம் என்றார். மலாய்க்கார அம்மா, பொறுமையாக விளக்கினார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, மாத்திரை கொடுக்கிற நர்ஸ் மிஸ்ஸிக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார்களாம். விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றார். நான் உடனே சரி என்றேன். இத்தனை பேர் இருக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை.

முதல் நாள் சோதனைக்கு வீட்டுக்காரர் காடியில் கொண்டுபோய் இறக்கினார். உள்ளே போனால், காத்திருக்கும் நாற்காலியில் என் ஓரகத்தி, மடியில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். "அக்கா, நீங்களுமா? தெரிஞ்சிருந்தா ஒரே காடியில வந்திருக்கலாம்லா" என்றாள், வாயெல்லாம் பல்லாக. மிஸ்ஸிக்கும் டாக்டருக்கும் சேர்த்து நாசி லெமாக் கொண்டு வந்திருந்தாள். நான் வெறுங்கையோடு நின்றேன். நின்றதால் தலை சுற்றியது, உட்கார்ந்தேன்.

அதன் பிறகு எல்லாம் சேர்ந்தேதான். ஒரே காடி, ஒரே நாள், ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். படுக்க வைத்து பிரஷர் பார்ப்பார்கள். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்ப்பார்கள். நின்றபடியே இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. மிஸ்ஸி நம் தமிழ்ப் பிள்ளைதான், தங்கமான குணம். எழுந்திருப்பதற்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்தாள். முதலில் பாதத்தை ஆட்ட வேண்டும், தொடையை இறுக்க வேண்டும், பிறகு மெதுவாக, அவசரமே இல்லாதவள் மாதிரி எழ வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மாத்திரை போட்டதும் படுக்கக் கூடாது. சாப்பாட்டை மட்டும் வழக்கத்திலிருந்து மாற்றாதீர்கள், மாற்றினால் கட்டாயம் சொல்லுங்கள், முக்கியமாக உப்பைக் குறைக்கவே குறைக்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். ஆளுக்கொரு வெள்ளைப் புட்டி கொடுத்தாள்.

முதல் சில வாரம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. துணி காயப்போட்டேன், பசாருக்கு நடந்து போய் வந்தேன். நிஜ மாத்திரை எனக்குத்தான் என்று மனதுக்குள் கும்மாளம். சுவரைத் தாண்டிப் பார்த்தால் அவள் சம்பல் வதக்கும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது.

அப்புறம் விரதம் தொடங்கியது.

மிஸ்ஸி சொன்னது என் காதில் விழவில்லை என்று இல்லை. சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மிஸ்ஸி கேள்வி கேட்கும்போது என் ஓரகத்தி பக்கத்துக் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் உப்பை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அவளும் அன்றைக்கே விட்டுவிடுவாள். பிறகு விரதம் இருந்தவர்கள் இரண்டு பேர், நிற்கத் தெரிந்தவள் ஒருத்தி என்று போன வருஷக் கதைதான். அதனால் சாப்பாடு எப்படி என்று மிஸ்ஸி கேட்டபோது, எப்போதும் போலத்தான் என்றேன். ஒரு மாதம்தானே, மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாத்திரை பார்த்துக்கொள்ளவில்லை. மறுபடி கண் இருட்டியது. குளியலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்தேன். அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். பாட்டுப் போட்டுக்கொண்டு வாசல் கழுவுகிறாள். போதாக்குறைக்கு, பூசம் நெருங்க நெருங்க, அவள் வீட்டில் கருவாடு பொரிக்கிற வாசனை. நாள் தவறாமல் பொரித்தாள். உப்புக் கருவாடு, சம்பல் நெத்திலி, ஊறுகாய். இங்கே நான் உப்பில்லாத தயிர்ச்சோற்றை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். என்னை வெறுப்பேற்றத்தான் செய்கிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தைப்பூச மாதத்தில் கருவாடு பொரிக்கிற வீடு உருப்படுமா என்று எனக்குள் திட்டினேன்.

நிஜ மாத்திரை அவளுக்குத்தான் என்று அப்போது முடிவு செய்தேன். முதலில் எனக்கு வந்த தெம்பெல்லாம் வெறும் மனப்பிரமை. பிறந்ததிலிருந்து அப்படித்தானே, நல்லது எதுவும் என் பக்கம் திரும்பாது. என் மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கசந்தால்தானே மருந்து? ஒரு நாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் புட்டி அடுப்படி மேடையிலேயே இருந்தது. அவள் வாசலில் யாருக்கோ பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். என் புட்டி என் கைப்பையில். மாற்றி வைக்க எவ்வளவு நேரமாகும்? அவள் புட்டியைக் கையில் எடுத்தும் விட்டேன். எடுத்த பிறகு வேறொரு பயம் வந்தது. ஒருவேளை என்னுடையதுதான் நிஜமாக இருந்து, நானே அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டால்? அந்த நினைப்பைத் தாங்க முடியாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். நியாயம் பார்த்து வைத்தேன் என்று சொல்ல ஆசைதான்.

பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அடுத்த சோதனை. கட்டிலில் படுத்தேன், பிரஷர் பார்த்தார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். பாதத்தை ஆட்டி, தொடையை இறுக்கி, முறைப்படிதான் எழுந்தேன். பிரஷர் பட்டை கையை இறுக்கியது வரை தெரியும். பிறகு மிஸ்ஸியின் தோளில் என் முகம் இருந்தது. படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, டாக்டரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். எப்போதும் போலத்தான் என்றேன்.

"இல்ல டாக்டர்," பக்கத்துக் கட்டிலிலிருந்து என் ஓரகத்தி. "அக்கா உப்பு சாப்புட்டு மூணு வாரமாச்சு."

அதை மலாயிலும் ஒருமுறை சொன்னாள், யாருக்கும் விட்டுப்போகக் கூடாது என்பது போல. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் எழ முடியாது.

டாக்டர் கோபப்படவில்லை. புவாசா மாதத்தில் தங்கள் ஆட்களும் நோன்பு இருக்கிறார்கள், அதற்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு செய்கிறோம், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கும் செய்திருப்போமே என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. இனி எனக்கு அந்த மாத்திரை வேண்டாம், புட்டியைக் கொடுத்துவிடுங்கள், சோதனைக்கு மட்டும் வந்து போங்கள் என்றார். உப்பை இன்றைக்கே சேர்க்கச் சொன்னார். இன்னும் ஒரு வாரம்தான் என்று கெஞ்சினேன். அது சரியில்லை, நான் சம்மதிக்க மாட்டேன் என்றார். நான் பிடிவாதமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பிரஷர் அவ்வளவு மோசமில்லை, நிற்பதுதான் ஆபத்து, அதையாவது செய்யாதீர்கள் என்றார். மிஸ்ஸி என் கையிலிருந்து புட்டியை வாங்கிக்கொண்டாள். என் ஓரகத்தியின் புட்டி அவள் மடியிலேயே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது வீட்டுக்காரர் காடியை ஓட்ட, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். சிக்னல் தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

"இப்ப சந்தோசமா? மாத்திரையும் ஒனக்கு, குடமும் ஒனக்கு."

"எனக்கு எப்படிக்கா குடம் வரும்? நான்தான் தெனம் கருவாடு திங்கிறேனே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் பேசினாள். "நீங்க உப்ப விட்டது எனக்கு மொத நாளே தெரியும். ருசி பாக்காம சமைக்கிறீங்க, மாமா எங்க வூட்டுலதான வந்து சாப்புடுறாரு. போன வருசம் நான் வெரதம் இருந்ததாலதான் குடம் எங்கிட்ட வந்துச்சு. அதுலேர்ந்து நீங்க எங்கூட மொகம் குடுத்துப் பேசுறதில்ல. இந்த வருசமும் எந்தலையில வச்சிட்டா என்ன பண்றது? அதான் வேணும்னே உப்பு போட்டுத் தின்னேன். எல்லாருக்கும் வாசனை தெரியட்டும்னுதான் பொரிச்சேன்."

முன்னால் வீட்டுக்காரர் கண்ணாடியைச் சரி செய்தார். சரி செய்ய அதில் ஒன்றுமில்லை.

"அப்ப ஏன் இன்னிக்கு வாயத் தொறந்த?"

"நீங்க விழுந்தீங்களேக்கா" என்றாள்.

அவள் சொன்னதை நம்பினேன். நம்பியதால் பொறாமை தீரவில்லை, இன்னும் கூடத்தான் செய்தது. விட்டுக்கொடுப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள் பாருங்கள். மூன்று வாரம் நான் உப்பில்லாமல் கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். அவள் கருவாடு தின்றே நல்ல பேர் வாங்கிவிட்டாள். அவள் தெம்புக்கு மாத்திரை காரணமா, கருவாடு காரணமா என்றுகூட இப்போது சொல்ல முடியாது. எனக்கு முதலில் வந்த தெம்பு நிஜ மாத்திரையால் வந்ததா என்பதும் தெரியாது. ஆராய்ச்சி முடிந்ததும் சொல்வார்கள். என்னுடையதுதான் நிஜம் என்று சொல்லட்டும் என்று நான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

டாக்டர் சொல்லியும் அந்தக் கடைசி வாரம் நான் உப்பைத் தொடவில்லை. பூசத்தன்று குடத்துக்கு ஆள் இல்லாமல் போனது. விரதம் இருந்தவளால் நிற்க முடியாது, நிற்க முடிகிறவள் விரதம் இல்லை. இந்த வருஷம் பாலைக் காடியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே கடகடவென்று சத்தம். என் ஓரகத்தி ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தாமானில் யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறாள். கைப்பிடி இரண்டிலும் மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டியிருந்தாள். "ஒக்காந்தா பரவால்லன்னுதான டாக்டர் சொன்னாங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். குடத்தை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், முடியாது என்று தலையில்தான் வைத்தேன். அவள் தள்ளினாள். நல்ல வெயில், தார் ரோடு கொதித்தது. வெறுங்காலோடு நடந்தாள், என் கால் சொகுசாகப் பலகைமேல் இருந்தது. வழியெல்லாம் சனம் ஒதுங்கி வழிவிட்டது. வழிவிட்டவர்கள் எல்லாரும் என் தலைக்குமேலே அவளைத்தான் பார்த்தார்கள். கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று ஒரு அம்மா சத்தமாகச் சொன்னார். தண்ணீர்ப் பந்தலில் அவளுக்குத்தான் முதலில் மோர் கொடுத்தார்கள். படம் எடுத்தவனும் கேமராவைக் கொஞ்சம் உயர்த்தித்தான் பிடித்தான். குடம் என் தலையில் இருக்கிறது, பேர் அவளுக்குப் போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

கோயில் வாசலில் படி. நாற்காலி அதற்கு மேல் போகாது. பூசாரி மேல்படியில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். யாராவது வாங்கிக் கொடுங்கள் என்று பின்னால் குரல் கேட்டது. டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் குடத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. பாதத்தை ஆட்டினேன். தொடையை இறுக்கினேன். அவசரமே இல்லாதவள் மாதிரி எழுந்தேன்.

கண் இருட்டியது. காதுக்குள் இரைச்சல் தொடங்கியது. இடுப்பில் இரண்டு கை வந்து இறுக்கிப் பிடித்தது. சம்பல் வாசனை அடிக்கிற கை, யாருடையது என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. மெதுவாக, மெதுவாக என்று காதுக்குப் பின்னால் மூச்சு வாங்கினாள். அவளுக்கும் அதே வியாதிதான். அந்த வெயிலில் அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தவளுக்கும் அந்த நேரம் கண் இருட்டியிருக்கும். நான் கேட்கவில்லை. என் முழுப் பாரத்தையும் அவள்மேல் போட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், தாராளமாகப் போட்டேன்.

இரைச்சல் அடங்கி, பூசாரியின் கை தெரிந்தது. அவள் ஒரு கையை எடுத்து, ஆடிய குடத்துக்கு முட்டுக்கொடுக்கப் போனாள்.

"குடத்த தொடாத, நீ உப்பு சாப்புட்டவ" என்றேன். "என்னைய புடி."

பிடித்தாள். நான் ஒரு படி ஏறிக் குடத்தைக் கொடுத்தேன்.